மட்டக்களப்புக்குப் போகாத பயணம்: வடசென்னைத் தன்னார்வக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆட்களையும் இல்லத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இதில் இல்லை. வெளிநாட்டில் உள்ள சிறுவர் இல்லங்களுக்குத் தொண்டு செய்யப் போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்பதற்காக இது எழுதப்பட்டது.

பின்னணி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையைச் சேர்ந்த பதினோரு பேர் கொண்ட குழு. பள்ளி ஆசிரியைகள் இருவர், தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், வயர்மேன் ஒருவர், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துவதுதான் இவர்களுடைய வழக்கமான பணி. சின்ன டிரஸ்ட் ஒன்றும் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

மாணவர்களில் ஒருத்தியின் சின்னம்மா புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமில் பல வருடம் இருந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவர். அவர் வழியாக அந்த மாவட்டத்தில் உள்ள பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றின் தொடர்பு கிடைத்தது. 5 வயது முதல் 17 வயது வரை 32 பிள்ளைகள். போராலும் சுனாமியாலும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பெருகிய இல்லங்களில் இதுவும் ஒன்று. மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் (அரசுத் துறை) முறையாகப் பதிவானது. பிள்ளைகள் வெளியாட்களிடம் பேசுவதற்கு மொழித் தடை இல்லை என்பதே குழுவுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

முதல் திட்டம்

மே மாதம் மூன்று வாரம். காலையில் ஆங்கில வகுப்பு, மாலையில் நடனமும் விளையாட்டும், ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கொண்டாட்டம், எல்லோருக்கும் புதுத்துணி, கடைசி நாள் கலை நிகழ்ச்சி. இல்லத்திலேயே தங்குவது. போட்டோ எடுத்து வந்து அடுத்த வருடத்துக்கு நிதி திரட்டுவது. ஆளுக்கு ₹32,000 வீதம் பதினோரு பேரும் பணம் போட்டு ₹3,52,000 சேர்த்தார்கள்.

இந்தத் திட்டத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்தாலும், அந்த இல்லத்துக்கு என்ன தேவை என்ற கேள்வியே அதில் இல்லை. இல்ல நிர்வாகியிடம் கேட்டபோது, ‘ஆட்கள் வந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்’ என்றார். யார் உதவ வந்தாலும் எந்த நிர்வாகியும் இப்படித்தான் சொல்வார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

கேட்ட கேள்விகள்

டிக்கெட் போடுவதற்கு முந்தின வாரம் செவிலியர் ஒரு நிபந்தனை வைத்தார்: எழுத்தில் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பயணம். அவர் அனுப்பிய கேள்விகளில் முக்கியமானவை இவை. எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள்? ஒவ்வொருவரும் எதனால் சேர்க்கப்பட்டார்கள்? வீட்டுக்கு அனுப்பும் திட்டம் எழுத்தில் இருக்கிறதா? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை வெளியாள் குழுக்கள் வந்தன, எவ்வளவு நாள் தங்கின? வருகிறவர்களின் போலீஸ் சான்றை யார் சரிபார்க்கிறார்கள்? இரவில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள்?

பதில் வர இரண்டு வாரம் ஆனது. தாய் தகப்பன் இருவரும் இறந்து, பொறுப்பேற்க உறவும் இல்லாதவர்கள் மூன்றே பேர். எட்டுப் பேருக்குப் பாட்டியோ அத்தையோ இருந்தார்கள். மீதி 21 பேருக்குத் தாய் அல்லது தகப்பன் இருந்தார். அந்த 21 பேரில் ஒன்பது பேரின் அம்மா வளைகுடா நாடுகளில் வீட்டு வேலையில் இருக்கிறார்; ஐந்து பேரின் வீட்டில் மறுமணம்; ஏழு பேருக்கு வறுமையும் பள்ளிக்கூடத் தூரமும் காரணம்.

அநாதை இல்லம் என்று சொல்லித்தான் குழு பணம் சேர்த்திருந்தது. உலகம் முழுவதும் இப்படித்தான்; இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார். வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களுக்குத் தொண்டுச் சுற்றுலா போவதால் வரும் தீங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வெளியாட்களும் அவர்களோடு பணமும் வந்துகொண்டே இருந்தால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் அவசரம் எந்த இல்லத்துக்கும் குறைந்துவிடும். நேர்மையாக நடக்கும் இல்லத்துக்கும் இது பொருந்தும்.

இன்னும் இரண்டு தடைகள் பதிலோடு வந்தன. தமிழ்நாட்டில் மே கோடை விடுமுறை. அங்கே அது இரண்டாம் தவணை நடக்கும் காலம். பிள்ளைகள் மதியம்வரை பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பெரிய பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு (பதினோராம் வகுப்பு முடிவில் வரும் பொதுத்தேர்வு) படித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தது விசா. இலங்கைக்குச் சுற்றுலா அனுமதியில் போகிறவர் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை செய்யக் கூடாது. மூன்று வாரம் வகுப்பு எடுப்பது அந்த அனுமதிக்குள் அடங்காது.

நேரில் கண்டவை

ஆசிரியைகளில் ஒருவர் உறவுக்காரர் கல்யாணத்துக்காக மட்டக்களப்பு போக வேண்டியிருந்தது. அவர் இல்லத்துக்கு ஒரு பகல் போய், அலுவலக அறையில் மட்டும் உட்கார்ந்து, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேற்றனோடும் பணியாளர்களோடும் பேசினார். பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் போகவில்லை.

அதற்கு முந்தின வருடம் ஐந்து வெளியாள் குழுக்கள் வந்து போயிருந்தன. மேற்றன் சொன்னது: ‘வாறவங்கள் எல்லாரும் நல்ல மனுசர்தான் மிஸ். ஆனா அவங்கள் போன பிறகு ராவில அழுற பிள்ளையை வெச்சிருக்கிறது நான்தான்.’ ஒவ்வொரு குழுவும் போன பிறகு சின்னப் பிள்ளைகள் சிலர் படுக்கையை நனைத்தார்கள், விட்டுப்போன பொருளுக்காகச் சண்டை நடந்தது, ஓரிரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அடம் பிடித்தார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி உள்ளே வந்து, கேட்காமலே ஆசிரியையின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கையில் கணக்குக் கொப்பி. அதன் கடைசிப் பக்கத்தில், முன்பு வந்துபோன அக்காமார் அண்ணன்மாரின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. பாதி ஆங்கில எழுத்தில், பக்கத்தில் அவர்கள் புறப்பட்ட தேதி. புதுப் பெயர் எழுத இடம் விட்டு, ஆசிரியையிடம் பென்சிலை நீட்டினாள்.

பார்க்கிறவர்கள் இதைப் பாசம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் யார் மடியிலும் தயங்காமல் ஏறும் பிள்ளை, தனக்கென்று நிலையாக ஒரு பெரியவர் இல்லாத பிள்ளை. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 136 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த புக்கரெஸ்ட் ஆய்வு, இல்லத்தில் வளரும் பிள்ளைகளிடம் இந்தப் போக்கைப் பதிவு செய்திருக்கிறது; சிறு வயதிலேயே குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ விதத்தில் தேறியதையும் அதே ஆய்வு காட்டியது. மூன்று வாரம் அள்ளி அணைத்துவிட்டு விமானம் ஏறும் ஒவ்வொரு குழுவும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைத்தான் கொடுக்கிறது. அதைவிடப் பயம் தருவது வேறொன்று: அறிமுகமில்லாத எவரையும் நம்பப் பழகிய பிள்ளையைத் தப்பான ஆள் மிகச் சுலபமாக நெருங்கிவிடுவான். போலீஸ் சான்று பழைய வழக்கு இருந்தால்தான் காட்டும். ஆகவே அது குறைந்தபட்சக் கட்டுப்பாடு, அதற்கு மேல் நம்பக் கூடாது.

முடிவும் காரணங்களும்

பயணம் கைவிடப்பட்டது. அதை முடிவு செய்ய நடந்த குழுக் கூட்டம் சுமுகமாக இல்லை. ‘காசு கட்டியாச்சுக்கா, காலேஜ்ல லீவு சொல்லியாச்சு, இப்பப் போய் வேணாம்னா எப்படி?’ என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் பயணம் போனால் மொத்தப் பணமும் பதினோரு பேரின் விமானத்திலும் சாப்பாட்டிலும் தீர்ந்துவிடும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது வாதம் அடங்கியது. இருவர் தங்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகினார்கள். அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

மீதி ₹2,88,000. இதை இல்லத்துக்கு அரிசியாகவும் துணியாகவும் கொடுப்பதா, பிள்ளைகள் வீட்டில் இருப்பதற்குக் கொடுப்பதா என்பதே அடுத்த கேள்வி. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். நிர்வாகியும் ஒத்துக்கொண்டது இந்த இல்லத்தின் நேர்மைக்குச் சான்று. பிள்ளை எண்ணிக்கை குறைவதை விரும்பாத இல்லங்கள் பல உண்டு.

யாரை அனுப்பலாம் என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் முடிவு செய்யவில்லை. நீதிமன்ற ஆணைப்படி சேர்க்கப்பட்ட பிள்ளையை அனுப்புவது இல்லத்தின் கையிலும் இல்லை. மாகாணத் திணைக்களத்தின் நன்னடத்தை அதிகாரி வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அவர் ஆறு குடும்பங்களைச் சொன்னார். ஆறுமே வறுமை, பள்ளித் தூரம், வெளிநாட்டில் அம்மா என்ற வகையைச் சேர்ந்தவை. அடி உதை காரணமாக வந்த பிள்ளைகள் யாரும் பட்டியலில் இல்லை.

ஒரு வருடத் திட்டம் இலங்கை ரூபாயில் இப்படி அமைந்தது: குடும்பத்துக்கு மாதம் 8,000 வீதம் ஆறு குடும்பத்துக்கு 5,76,000, பள்ளிச் செலவு பிள்ளைக்கு 12,000 வீதம் 72,000, வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பகுதிநேரச் சமூகப் பணியாளருக்கு மாதம் 25,000 வீதம் 3,00,000. மொத்தம் 9,48,000. சம்பளத்துக்கே மூன்றில் ஒரு பங்கு போகிறதே என்று சிலர் முகம் சுளித்தார்கள். பணியாளர் இல்லாமல் வெறும் பணத்தை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வீட்டில் விடுவது ஆபத்து. அது பின்னால் உறுதியானது.

பணம் போன வழி

இங்கே இரண்டு மாதம் வீணானது. இதே தப்பைப் பலரும் செய்வதால் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிரஸ்ட் கணக்கிலிருந்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆடிட்டர் தடுத்தார். அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்காது. ஆகவே சேர்த்த பணத்தை அவரவருக்கே திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கிலிருந்து நன்கொடையாக அனுப்புவது என்று முடிவானது. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கித் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை இடம் இருக்கிறது. இந்தத் தொகைகள் அதில் மிகச் சிறியவை. பான் எண்ணும், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவமும் போதும். ஒருவர் எல்லோரிடமும் வசூலித்துத் தன் பெயரில் அனுப்பக் கூடாது. அனுப்புகிறவரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு முயற்சிகளை வங்கி திருப்பிவிட்டது. கொடுத்திருந்த கணக்கு நிர்வாகியின் சொந்தப் பெயரில் இருந்ததுதான் காரணம். அங்கே அது சகஜமாம், ஆனால் ஒத்துக்கொள்ளவே கூடாத விஷயம். இல்லத்தின் பதிவுப் பெயரில் கணக்கும் பதிவுச் சான்றின் நகலும் வந்த பிறகே பணம் போனது. தொகை சின்னதோ பெரியதோ, ஒவ்வொரு முறைக்கும் இரு பக்க வங்கிக் கட்டணமும் சேர்ந்து சுமார் ₹1,500 பிடித்தார்கள். மாதா மாதம் அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். அதனால் ஒன்பது பேரும் தலா ஒரே முறை, காலாண்டுக்கு இரண்டு மூன்று பேராக முறைவைத்து அனுப்பினார்கள். கட்டணம் போக, அப்போதைய மாற்று விலையில் சுமார் 9,60,000 இலங்கை ரூபாய் போய்ச் சேர்ந்தது.

தொலைவிலிருந்து செய்த வேலைகள்

வயர்மேனுக்குத்தான் போக முடியாததில் அதிக வருத்தம். வீடியோ அழைப்பில் மெயின் போர்டைக் காட்டச் சொன்னார். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது கெட்டிருக்கிறது அல்லது யாரோ அதைத் தாண்டி வயரை இணைத்திருக்கிறார்கள். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் வந்து திறந்தபோது இரண்டாவதுதான் உண்மை. மழை பெய்தால் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததால் நேராக இணைத்துவிட்டிருக்கிறார்கள். அது விழுந்ததற்குக் காரணம் கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள்: நடுவில் ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, மண்ணுக்குள் புதைத்திருந்தது. ஈரம் ஏறியதும் கரண்ட் மண்ணுக்குக் கசிந்தது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பிள்ளைகள் குளிப்பது அந்தக் கிணற்றடியில்தான். புதுக் கேபிளை ஒட்டில்லாமல் குழாய்க்குள் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்சை மாற்றினார்கள். செலவை இல்லத்தின் பராமரிப்பு நிதி ஏற்றது. இப்போது மாதம் ஒரு முறை மேற்றன் பொத்தானை அழுத்திப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்.

சில பிள்ளைகள் விரலிடுக்கைச் சொறிவதைச் செவிலியர் கவனித்தார். முன்பு வந்த குழு ஒன்று சொறி உள்ளவர்களுக்கு மட்டும் களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. சிரங்கு அப்படிப் போகாது. ஒரே அறையில் படுப்பவர்கள் எல்லோருக்கும், பணியாளர் உட்பட, ஒரே நாளில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. துணியும் விரிப்பும் அன்றே வெந்நீரில் துவைக்க வேண்டும். மருந்தை அவர் சொல்லவில்லை. பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று மேற்றனுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் வந்து பார்த்து எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள்.

பின் விளைவு

ஆறு பிள்ளைகளில் நால்வர் வீடு போய் வருடம் முழுவதும் அங்கேயே இருந்து படித்தார்கள். ஒருத்தி கிளம்பவே இல்லை; அம்மாவின் வளைகுடா ஒப்பந்தம் நீண்டுபோனது. அந்தப் பங்கு மற்றவர்களின் பஸ் செலவுக்குப் போனது.

ஆறாவது பிள்ளை மூன்று மாதத்தில் இல்லத்துக்குத் திரும்பினாள். அவள் அம்மா, பட்டியல் போட்ட பிறகு ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கியிருந்தார். அந்த மனிதர் குடித்துவிட்டு அடித்தார். சமூகப் பணியாளர் நோய்வாய்ப்பட்டு, வாரம் ஒரு முறை என்றிருந்த வருகை அந்த நேரத்தில் மாதம் ஒரு முறையாகியிருந்தது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தது பள்ளி ஆசிரியர். 1929 எண்ணுக்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, அவரே அழைத்தார்.

புகைப்படத்தாலும் ஒரு பிரச்சினை வந்தது. வீடியோ அழைப்பின்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மாணவர் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். பின்னணியில் மூன்று பிள்ளைகளின் முகம். அன்றே எடுக்கவைத்தார்கள். இந்தியாவில் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவுப்படி பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். எல்லை தாண்டியதால் அந்தப் பிள்ளையின் மானம் குறைந்துவிடாது.

எதிர்பாராத நல்ல விளைவு வடசென்னையிலேயே நடந்தது. டியூஷனுக்கு வரும் காசிமேட்டுப் பிள்ளைகளில் தகப்பனை இழந்த மூவரை விடுதியில் சேர்க்கப் பாட்டிமார் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் ₹4,000 ஆதரவுத்தொகை உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு ₹96,000க்குள் இருக்க வேண்டும். ஆதார், வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தார்கள். இருவருக்குக் கிடைத்தது. மூன்றாவது பிள்ளையின் விண்ணப்பம், வருமானச் சான்றில் பெயர் எழுத்து மாறியிருந்ததால் நிற்கிறது.

அடுத்த முறை மாறுவது

கேள்வித்தாள் பணம் சேர்ப்பதற்கு முன்பே போகும். பணம் கையில் வந்துவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்வது பெரும்பாடு. ‘அநாதைப் பிள்ளைகள்’ என்ற சொல் எந்தத் துண்டறிக்கையிலும் வராது.

பிள்ளை வீடு போவதற்கு முந்தின வாரம் வீட்டில் யார் யார் இரவு தங்குகிறார்கள் என்று மறுபடி பார்க்கப்படும். பழைய அறிக்கையை நம்பி அனுப்ப மாட்டார்கள். பணியாளர் நோயுற்றால் அவர் இடத்தில் யார் என்பது பெயரோடு எழுதப்படும். தனியாகப் பேசும்போது பிள்ளை சொல்வதும் பதிவாகும். ஆறாவது பிள்ளையிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

நேரில் போகவே வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு, ஆனால் குறுகலானது. பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் திறமை இருக்க வேண்டும், அதற்குரிய விசா வேண்டும், குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும், வெளியே தங்க வேண்டும், பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. குழுவில் இதற்கு இப்போது தயாராக இருப்பவர் செவிலியர் ஒருவரே. அவருக்கும் மருத்துவமனை விடுப்புக் கிடைக்கவில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு நன்னடத்தை அதிகாரி ஐந்து குடும்பங்களைச் சொல்லியிருக்கிறார். பணம் போட ஏழு பேர் இருக்கிறார்கள். மாற்றுப் பணியாளரின் சம்பளத்தையும் சேர்த்தால் அந்தத் தொகை மூன்று குடும்பங்களுக்குத்தான் போதும் என்பதால், மூன்றோடு தொடங்குகிறார்கள்.